நான்சி லிங்கனைக் கொன்றது காடல்ல, நாடே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், "காடே, காடே" என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி அக்கா அவர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், முன்வரிசை தொடங்கிக் கதவோரம் நிற்பவர்கள் வரை அத்தனை பேருக்கும் வணக்கம்.

ஆபிரகாம் லிங்கனின் தாய் நான்சியின் உயிரைப் பறித்தது காடா, நாடா? இதுதான் தலைப்பு. நான் நாடே என்று பேச வந்திருக்கிறேன். நாடு என்று நான் சொல்வது வரைபடத்தில் இருக்கும் எல்லைக்கோடு அல்ல. நிலத்தை அளந்து விற்ற அரசு, பட்டாவில் குளறுபடி செய்த சட்டம், யார் சொன்னால் காதுகொடுப்பது, யார் சொன்னால் தள்ளிவிடுவது என்று முடிவுசெய்த பெரியமனிதர்கள், இவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிங்கனைத் தெரிந்த அளவுக்கு அவரைப் பெற்றவளை நமக்குத் தெரியாது. நான்சி ஹாங்க்ஸ் 1784இல் வர்ஜீனியாவில் பிறந்தவள். 1806 ஜூன் 12 அன்று கென்டக்கியில் தாமஸ் லிங்கனைக் கைப்பிடித்தாள். அவர் தச்சு வேலை தெரிந்த விவசாயி. 1807இல் சாரா, 1809இல் ஆபிரகாம், அதற்குப் பிறகு தாமஸ் என்று ஒரு பிள்ளை. அந்தக் கடைசிப் பிள்ளை பச்சிளங்குழந்தையாகவே போய்விட்டது. 1816ஆம் ஆண்டின் இறுதியில் குடும்பம் ஓஹியோ ஆற்றைத் தாண்டி, இந்தியானா மாநிலத்தின் லிட்டில் பிஜன் கிரீக் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. வந்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. 1818 அக்டோபர் 5 அன்று நான்சி இறந்துபோனாள். வயது 34. மகள் சாராவுக்கு 11, மகன் ஆபிரகாமுக்கு 9.

அவளுக்குப் புகைப்படம் கிடையாது. எப்படி இருந்தாள் என்று பின்னாளில் கேட்டபோது, பார்த்தவர்கள் சொன்னதே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. வாசிக்கத் தெரியும் என்கிறார்கள்; கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கீறல்தான் போட்டாள். 1859இல் லிங்கன் தம் வாழ்க்கைக் குறிப்பை ஒரு நண்பருக்கு எழுதிக் கொடுத்தார். அதில் தாயைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வாக்கியம். தமக்குப் பத்தாவது வயது நடக்கும்போது இறந்துபோனவர், ஹாங்க்ஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவர், அந்தக் குடும்பத்தார் சிலர் இன்னின்ன ஊரில் இருக்கிறார்கள். அவ்வளவுதான். நான்சி என்ற பெயர்கூட அதில் இல்லை. நான் மகனைக் குறை சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில், அந்த மண்ணில், விவசாயி வீட்டுப் பெண்ணைப் பற்றி எழுத அவ்வளவுதான் இடம் இருந்தது.

சரி, எப்படி இறந்தாள்? இதில் இரண்டு அணிக்கும் சண்டை இல்லை. பால் நோய். ஒயிட் ஸ்னேக்ரூட் என்று ஒரு செடி. இடுப்பு உயரம் வளரும், காட்டு நிழலிலும் காட்டோரத்திலும் நிற்கும், கோடை முடிந்து குளிர் தொடங்குகிற பருவத்தில் கொத்துக்கொத்தாக வெள்ளைப் பூப் பூக்கும். பார்க்க அழகான செடி. அதைப் பசு தின்றால் விஷம் பாலில் இறங்குகிறது. அந்தப் பாலைக் குடித்தாலும், அதில் எடுத்த வெண்ணெயைத் தின்றாலும் மனிதருக்கு நோய். முதலில் கை கால் ஓய்ந்துபோகும். பிறகு ஓயாத வாந்தி, வயிற்றுவலி. நாக்கில் வெள்ளையாகப் படியும், மூச்சில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு வாடை வரும், கடைசியில் நினைவு தப்பும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களை ஏமாளி என்போம். நான்சி ஏமாளி இல்லை ஐயா. அவள் குடித்தது பாலைத்தான். அந்தப் பாலே விஷமாக இருந்தது.

இங்கேதான் எதிரணி அக்கா எழுந்து, "பார்த்தீர்களா, செடி காட்டில் முளைத்தது, ஆகவே கொன்றது காடு" என்றார்கள். கைதட்டலும் வாங்கினார்கள்.

அக்கா, செடி காட்டுடையது. ஒத்துக்கொள்கிறேன். பசு யாருடையது?

அந்தக் காட்டில் மான் உண்டு, கரடி உண்டு, வான்கோழி உண்டு. கறவை மாடு கிடையாது. அது கடல் தாண்டி வந்த குடியேறிகளோடு வந்தது. அந்தச் செடி அந்த மண்ணில் காலங்காலமாக முளைத்துப் பூத்துக் காய்ந்து வந்திருக்கிறது. அந்த மண்ணில் மனிதர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள். செடியிலிருந்து பசுவுக்கு, பசுவிலிருந்து பாலுக்கு, பாலிலிருந்து பிள்ளையின் வாய்க்கு என்று விஷம் வருகிற இந்தப் பாதையைக் காடு போடவில்லை. மாட்டை ஓட்டிவந்து, வேலி போடாமல் காட்டில் மேயவிட்டு, மனிதர் போட்ட பாதை அது. பயிருக்குத்தான் வேலி, மாட்டுக்குக் காடு முழுவதும் மேய்ச்சல். இதுதான் அன்றைய குடியேற்ற வழக்கம். மழை பெய்து புல் இருக்கும்வரை மாடு அந்தச் செடியைச் சீண்டாது. வறட்சியில் புல் காய்ந்து, வேறு பச்சை இல்லாத நேரத்தில்தான் அதில் வாய் வைக்கும். அதனால்தான் இந்த நோய் கோடைக் கடைசியில் தலைகாட்டும், உறைபனி விழுந்ததும் அடங்கும்.

அடுத்தது. "யார் அவளை அங்கே போகச் சொன்னது? தாமஸ் லிங்கன் காட்டை விரும்பித் தேர்ந்தெடுத்தார்" என்று எதிரணியில் ஒரு தம்பி பேசினார். விரும்பியா? கொஞ்சம் பொறுங்கள் தம்பி. அந்தக் குடும்பம் கென்டக்கியை விட்டது ஏன் என்பதை லிங்கனே 1860இல் சொல்லியிருக்கிறார். அடிமை முறை ஒரு காரணம், ஆனால் முக்கியக் காரணம் நிலப் பட்டாச் சிக்கல். கென்டக்கியில் நிலத்தை முறையாக அளந்து எல்லை போட்டுக் கொடுக்க ஆள் இல்லை. அவரவர் அளந்த அளவு, ஒருவர் எல்லை மேல் இன்னொருவர் எல்லை. நம் பாஷையில் சொன்னால், வாங்கிய நிலமெல்லாம் வில்லங்கம். லிங்கன் பிறந்த சிங்கிங் ஸ்பிரிங் பண்ணைக்கு வில்லங்கம் வந்தது. அதை விட்டு நாப் கிரீக் ஓரத்துக்குப் போனால், அங்கிருந்து வெளியேறச் சொல்லி வழக்கு. காசு கொடுத்து வாங்கிய நிலத்தில் காலூன்ற முடியாத விவசாயி, பட்டா சுத்தமாகக் கிடைக்கிற இடம் எங்கே என்று பார்த்துத்தான் போவான். தாமஸ் போனார். முடிவெடுத்தது அவர். அந்த முடிவின் கீழே சிறு பிள்ளைகளோடு நடந்தவள் நான்சி.

ஆற்றிலிருந்து ஏறக்குறைய 16 மைல் காட்டுக்குள் போனார்கள். கரடியும் மற்ற காட்டு விலங்குகளும் திரிகிற காடு அது என்று லிங்கனே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1817 அக்டோபரில் தாமஸ் வின்சென்ஸ் ஊரில் இருந்த அரசு நில அலுவலகத்துக்குப் போய் 160 ஏக்கருக்குப் பதிவுசெய்து முன்பணம் கட்டினார். ஏக்கர் 2 டாலர், மீதி தவணையில். இங்கே அரசு சரியாக வேலை செய்தது, நான் மறுக்கவில்லை. கட்டம்கட்டமாக அளந்து, எண் போட்டு, ஏட்டில் ஏற்றி, பணம் வசூலித்தது. காட்டின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் தெரிந்த அரசுக்கு, அந்தக் கட்டத்துக்குள் என்ன முளைக்கிறது என்று தெரியவேண்டாமா? வாங்குகிற குடும்பம் மாட்டோடு போகிறது, பிள்ளைகளோடு போகிறது என்று தெரியாதா? சுற்றுவட்டத்தில் ஒரு மருத்துவர் கிடையாது.

நடுவர் ஐயா, இப்போது நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். என் வாதத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

லிட்டில் பிஜன் கிரீக் இருக்கிற தென் இந்தியானா நிலம் 1804இல் வின்சென்ஸில் போட்ட ஒப்பந்தங்கள் வழியாக டெலவேர், பியான்கஷா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து எழுதி வாங்கப்பட்டது. அதோடு நிற்கவில்லை. 1818 அக்டோபர் முதல் வாரத்தில், ஓஹியோவில் செயின்ட் மேரிஸ் என்ற ஊரில், அமெரிக்க அரசின் ஆணையர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தியானாவின் முதல் ஆளுநர் ஜொனாதன் ஜென்னிங்ஸ். அக்டோபர் 3 அன்று டெலவேர் மக்கள், இந்தியானாவில் தங்களுக்கு உள்ள நிலம் முழுவதையும் விட்டுவிட்டு மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே போய்விடுவதாக எழுதிக் கொடுத்தார்கள். அக்டோபர் 6 அன்று மயாமி மக்கள் நடு இந்தியானாவில் பெரும் பரப்பை எழுதிக் கொடுத்தார்கள். 3ஆம் தேதி ஒன்று, 6ஆம் தேதி ஒன்று. நடுவில் 5ஆம் தேதி, அதே மாநிலத்தின் தெற்கு மூலையில் ஒரு மரக்குடிசையில் நான்சி உயிரை விட்டாள்.

ஒரு மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மனிதர்களுக்கு எந்த வேர் மருந்து, எந்த இலை விஷம், எந்தப் பருவத்தில் எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருக்கும். அந்த மனிதர்களைக் கையெழுத்து வாங்கி வெளியே அனுப்பிக்கொண்டே, அந்த மண்ணைப் பற்றி ஒன்றுமே தெரியாத குடும்பங்களை ஏக்கர் கணக்கில் விற்று உள்ளே அனுப்பினார்கள். தெரிந்தவன் வெளியே, தெரியாதவன் உள்ளே. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் போயிற்று. இதைக் காடு செய்ததா?

நான்சியின் கடைசி நாட்களைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். 1817இல் அவளுடைய சித்தியும் சித்தப்பாவும், எலிசபெத் ஸ்பாரோவும் தாமஸ் ஸ்பாரோவும், கென்டக்கியிலிருந்து வந்து பக்கத்தில் குடியேறினார்கள். கூடவே டென்னிஸ் ஹாங்க்ஸ் என்ற உறவுக்காரப் பையன். நான்சியைச் சிறுமியாக வளர்த்தவர்கள் அந்த ஸ்பாரோ தம்பதி. ஆக அவளுக்குத் தாய் தகப்பன் மாதிரி. மறு வருடம் செப்டம்பரில் இருவரும் நோயில் விழுந்தார்கள். பக்கத்து வீட்டு புரூனர் குடும்பத்துப் பெண்ணுக்கும் அதே நோய். யார் பார்த்துக்கொண்டது? நான்சிதான்.

செப்டம்பர் 21 அன்று தாமஸ் ஸ்பாரோ உயில் எழுதினார். அந்த உயிலுக்குச் சாட்சி போட்டவர்களில் நான்சி ஒருத்தி. பெயருக்கு நேரே அவளுடைய கீறல். சாகப்போகிறவரின் படுக்கைப் பக்கத்தில் நின்று சாட்சிக் கீறல் போட்ட கைக்கு இன்னும் இரண்டு வாரம்தான் ஆயுள். ஸ்பாரோ இருவரும் போனார்கள். புரூனர் வீட்டுப் பெண்ணும் போனாள். நான்சி படுத்தாள். ஒவ்வொரு நாளாகப் போராடி ஏழாவது நாள் இறந்தாள், பிள்ளைகளைக் கூப்பிட்டு அப்பாவிடமும் ஒருவரோடு ஒருவரும் அன்பாக இருக்கச் சொன்னாள் என்று டென்னிஸ் ஹாங்க்ஸ் முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார். தச்சரான கணவர்தான் பெட்டி செய்தார். அந்தப் பெட்டிக்கு ஆணி கிடையாது, மர முளைதான். முளைகளைச் சீவிக் கொடுத்தது 9 வயது ஆபிரகாம் என்கிறது குடும்பத்தார் நினைவு. குடிசைக்குப் பக்கத்து மேட்டில், ஸ்பாரோ தம்பதியின் அருகில் புதைத்தார்கள்.

இதைச் சொல்லி அழவைத்துக் கைதட்டல் வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குடியேற்றத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள மருத்துவமனை இல்லை, செவிலி இல்லை, ஊரைக் காக்க ஒரு ஏற்பாடும் இல்லை. அந்த வேலை முழுவதையும் கூலியில்லாமல் சுமந்தவர்கள் வீட்டுப் பெண்கள். அவள் போனதும் அந்தப் பாரம் யார் தலையில் விழுந்தது? 11 வயதுச் சாராவின் தலையில். மறு வருடம் டிசம்பரில் தாமஸ் கென்டக்கிக்குப் போய் சாரா புஷ் ஜான்ஸ்டன் என்ற கைம்பெண்ணை மணந்து கூட்டிவரும் வரைக்கும் சமையலும் வீடும் அந்தச் சிறுமி பார்த்தது. மாற்றாந்தாய் வந்த பிறகுதான் மண் தரைக்குப் பலகை விழுந்தது என்று உறவினர் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சாராவும் 1826இல் கல்யாணமாகி, 1828 ஜனவரியில் பிரசவத்தில் இறந்தாள். 21 வயது நிரம்பவில்லை. பிள்ளையும் பிழைக்கவில்லை. அந்த மகளைக் கொன்றது எந்தச் செடி அக்கா? அவளுக்கும் காட்டைத்தான் கைகாட்டுவீர்களா?

இனி எதிரணியின் மிகப் பெரிய வாதத்துக்கு வருகிறேன். "1818இல் யாருக்குமே காரணம் தெரியாது. தெரியாததற்கு எப்படிக் குற்றம் சாட்டுவது?" நல்ல கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

ஒரு பசு அந்தச் செடியைத் தின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கறவையில் இருக்கிற பசு என்றால், விஷம் பாலோடு போய்விடுவதால் அதன் உடம்பில் நோய் வெளியே தெரியாமலேகூட இருக்கலாம். நன்றாக நிற்கும், நன்றாகக் கறக்கும். அதே பாலைக் குடித்த கன்று நடுங்கும். கால் பின்னும். கீழே விழுந்தால் எழுந்திருக்காது. அந்த ஊர்க்காரர்கள் மாட்டுக்கு வரும் இந்த நோயை நடுக்கம் என்றே அழைத்தார்கள். இப்போது சொல்லுங்கள், கன்று நடுங்குவதை முதலில் பார்ப்பது யார்? நான் கறவை மாடு இருந்த வீட்டில் வளர்ந்தவள். கன்றை அவிழ்த்துவிட்டு, அது முட்டி முட்டிக் குடித்து மடி சுரந்த பிறகு, அதை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் பாத்திரத்தோடு உட்காருவோம். கன்றின் காதில் ஈ உட்கார்ந்தால்கூட எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். குடியேற்றக் குடிசைகளிலும் பால் கறந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். பசு நன்றாக இருக்கிறது, கன்று நடுங்குகிறது, பால் குடித்த பிள்ளை வாந்தி எடுக்கிறது. இந்த மூன்றையும் ஒரே கூரையின் கீழ் பார்த்தவர்கள் அவர்கள். பாலில்தான் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் மக்களுக்கு வந்ததும் இப்படித்தான். பால் நோய் என்ற பெயரை வைத்தது மருத்துவக் கல்லூரி அல்ல.

இல்லினாய் மாநிலம் ஹார்டின் கவுண்டியில் அன்னா பிக்ஸ்பி என்று ஒரு பெண் இருந்தார். மருத்துவச்சி. டாக்டர் அன்னா என்றே ஊர் அவரைக் கூப்பிட்டது. சொந்தக் குடும்பத்திலேயே இந்த நோய்க்கு உயிர்களைப் பறிகொடுத்தவர். 1830களில் அவர் மாடுகளின் பின்னாலேயே காட்டுக்குள் நடந்து எதைத் தின்கின்றன என்று பார்த்தார், அப்போது சந்தித்த, ஷானி என்ற பூர்வகுடி இனத்து முதிய பெண் ஒருவர் இந்தச் செடியைக் காட்டிக் கொடுத்தார், அன்னா அதை ஒரு கன்றுக்குக் கொடுத்துச் சோதித்தார், ஊரார் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள், அந்த வட்டாரத்தில் நோய் குறைந்தது என்று அந்த ஊர் சொல்கிறது. எதிரணி உடனே கேட்கும்: ஆவணம் எங்கே? இது ஊர் வழிவழியாகச் சொல்லிவரும் கதை, நானும் அப்படித்தான் சொல்கிறேன். அந்த ஷானிப் பெண்ணின் பெயரைக்கூட எவரும் எழுதி வைக்கவில்லை. ஆவணம் எழுதும் பேனா யார் கையில் இருந்தது என்பதும் என் வழக்கின் ஒரு பகுதிதான் ஐயா.

சரி, கதையை ஒதுக்கி வையுங்கள். ஆவணத்தோடே பேசுவோம். கென்டக்கி சட்டமன்றம் 1830இல், இந்த நோயின் காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தது. அரசுக்கு அக்கறை இருந்தது என்று இதை எதிரணி எடுத்துக் காட்டியது. பரிசு அறிவித்தார்கள். சொன்னவன் பேச்சைக் கேட்டார்களா? ஓஹியோவின் ஃபயட் கவுண்டியில் ஜான் ரோ என்ற விவசாயி, 1830களின் கடைசியில், கால்நடைக்கு அந்தச் செடியைக் கொடுத்துப் பார்த்து, நடுக்கத்துக்குக் காரணம் இதுதான் என்று பகிரங்கமாக அறிவித்தார். சரியான செடி. சரியான விடை. அந்தப் பகுதியிலேயே பெயர்பெற்ற சின்சினாட்டி மருத்துவர் டேனியல் டிரேக் இந்த நோயைப் பற்றி 1841இல் விரிவாக எழுதினார். ரோ சொன்னதை அவர் ஏற்கவில்லை. வேறொரு செடியின் மேல் சந்தேகப்பட்டார். பிறகு என்ன நடந்தது? மண்ணில் உள்ள தாதுப்பொருள் என்றார்கள். சதுப்பிலிருந்து எழும் ஆவி என்றார்கள். 20ஆம் நூற்றாண்டு பிறந்தும், நுண்ணுயிர்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். 1928இல்தான் அமெரிக்க வேளாண் துறையின் ஜேம்ஸ் கவுச் அந்தச் செடியிலிருந்து விஷத்தைப் பிரித்தெடுத்து, டிரெமட்டால் என்று பெயரிட்டு, விவாதத்தை முடித்தார்.

விவசாயி சொன்னதிலிருந்து வேளாண் துறை ஒத்துக்கொள்ளும்வரை ஏறக்குறைய 90 ஆண்டுகள். அந்த 90 ஆண்டுகளில் எத்தனை வீடுகளில் எத்தனை நான்சிகள் பால் பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்? ஜான் ரோ வந்தது நான்சி இறந்து 20 வருடம் கழித்து, இதில் அவளுக்கு என்ன என்று கேட்பீர்கள். இதுதான் என் பதில். யாருக்கும் தெரியாததால் செத்தாள் என்பது உங்கள் வாதம். தெரிந்தவர் வாய் திறந்தபோதும் இந்த நாடு கேட்கவில்லை என்பதை ஆவணம் காட்டுகிறது. 1818இல் தொழுவத்தில் நின்ற ஒரு பெண், கீறல் போடுகிற ஒரு பெண், பாலில் ஏதோ இருக்கிறது என்று சொல்லியிருந்தால், 1838இல் ஒரு ஆண் விவசாயி சொன்னதையே ஒதுக்கியவர்கள் அவள் பேச்சுக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார்களா? அறியாமை வானத்திலிருந்து விழுவதில்லை. கேட்காத காதுகளும் சேர்ந்துதான் அதை வளர்க்கின்றன.

எதிரணித் தம்பி கடைசியாக ஒன்று சொன்னார்: "டாக்டர் பக்கத்து வீட்டிலேயே இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது. அன்று மருந்தே கிடையாது." உண்மை தம்பி. மருந்து கிடையாது. ஆனால் இந்த நோய்க்கு மருந்தே தேவையில்லை. வறட்சி மாதங்களில் மாட்டைக் காட்டுக்குள் விடாதே, வெட்டவெளியில் வேலிக்குள் மேய விடு, கன்று நடுங்கினால் அந்தப் பாலைக் கொட்டிவிடு. இந்த மூன்று வாக்கியம் தெரிந்திருந்தால் போதும். எழுத்தே தெரியாதவரும் கடைப்பிடிக்கலாம். நில அலுவலகத்தில் பணம் கட்டிய ரசீதோடு சேர்த்து வாய்வார்த்தையாகவே சொல்லி அனுப்பியிருக்கலாம்.

"காட்டை அழித்த பிறகு நோய் போயிற்றே, அப்படியானால் குற்றவாளி காடுதானே?" என்று அக்கா கேட்டார்கள். காடு குறைந்து, வேலி போட்ட புல்வெளிகள் வந்த பிறகு நோய் குறைந்தது, சரிதான். மாடு செடி இருக்கும் இடத்துக்குப் போவது நின்றது, நோயும் நின்றது. அந்தச் செடி இன்றைக்கும் இந்தியானாக் காடுகளில் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. அது இருந்தும் அங்கே இன்று தாய்மார் பால் குடித்துச் சாவதில்லை. காடுதான் கொலையாளி என்றால், காடு இருக்கும்வரை கொலையும் இருக்க வேண்டுமே? மாறியது காடா, மனிதர் மாட்டை வளர்த்த முறையா?

நடுவர் ஐயா, அந்த மேட்டில் 1879இல் சவுத் பெண்ட் ஊரைச் சேர்ந்த வண்டித் தொழிலதிபர் ஸ்டூடபேக்கர் ஒரு கல் நட்டுக் கொடுத்தார். அதற்குள் மகன் குடியரசுத் தலைவராகி, சுடப்பட்டு இறந்து 14 வருடம் ஆகியிருந்தது. ஜனாதிபதியைப் பெற்றவள் என்பதால் அவளுக்கு அந்தக் கல் கிடைத்தது, பிறகு நினைவிடமும் கிடைத்தது. அதே நாட்களில் அதே நோயில் இறந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக எவரும் பட்டிமன்றம் வைக்கப்போவதில்லை. நான் அவளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

பட்டாவைக் குழப்பி அந்தக் குடும்பத்தைக் காட்டுக்குத் துரத்தியது நாடு. நிலத்தை அறிந்தவர்களை, அவள் செத்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், எழுதி வாங்கி வெளியேற்றியது நாடு. ஏக்கருக்கு 2 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு எச்சரிக்கைகூடச் சொல்லாமல் அனுப்பியது நாடு. விடை கையில் வந்த பிறகும் 90 ஆண்டு தள்ளிவைத்தது நாடு. எதிரணி கூண்டில் ஏற்றியிருப்பது ஒரு செடியை. உங்கள் தீர்ப்பு "நாடே" என்று வர வேண்டும் என்று கேட்டு, என் நேரம் முடிந்துவிட்டதால் அமர்கிறேன். வணக்கம்.